வீட்டில் இசை கேட்க ஒலிபெருக்கிகளை அமைத்தல்

விற்பனைக் கூடத்தில் கேட்டபோது மிருதங்கத்தின் தொப்பி ஒலி ஆழமாகவும் தெளிவாகவும் இருந்தது. அதே ஒலிபெருக்கிகளை விலைக்கு வாங்கி வந்து வீட்டுக் கூடத்தில் வைத்துக் கேட்டாலோ, ஒரு சொல் கும்மென்று எழுந்து அறை முழுவதும் நிரம்பி நிற்கிறது; அடுத்த சொல் இருந்த இடம் தெரியாமல் மறைகிறது. வாங்கியவர் முதலில் கருவியை ஐயுறுகிறார். பின்னர்ப் பெருக்கியை மாற்றுகிறார்; விலையுயர்ந்த கம்பிகளை வாங்கிப் பூட்டுகிறார்; இறுதியில் பெரியதொரு சப்ஊஃபரையும் கொணர்ந்து அறையின் மூலையில் நிறுத்துகிறார். கும்மென்னும் ஒலி முன்னிலும் மிகுகிறது. இவ்வளவுக்கும் கருவியில் குறையொன்றும் இல்லை. தாழ்ந்த ஒலிகளைப் பொறுத்தவரை ஒலிபெருக்கி பாதிக் கருவியே ஆகும். மறு பாதி அது வைக்கப்பட்டுள்ள அறை. அறை செய்யும் வேலை யாது என்பதை அறிந்துகொண்டால், மேற்கூறிய செலவுகளிற் பெரும்பகுதியை ஓர் அளவுநாடாவைக் கொண்டே தவிர்த்து விடலாம்.

ஒலிபெருக்கி என்றவுடன் திருவிழாக்களிலும் தேர்தல் கூட்டங்களிலும் கம்பத்தின்மேல் கட்டப்படும் குழலே பலருக்கு நினைவுக்கு வரும். இங்கு அச்சொல் மின்னோட்டத்தை ஒலியாக மாற்றும் பெட்டியைக் குறிக்கிறது. உண்மையில் அது எதனையும் பெருக்குவதில்லை. பெருக்கும் வேலையை வேறொரு கருவி முன்னரே முடித்து விடுகிறது. ஆயினும் வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லை மாற்றுவது எளிதன்று. மிகத் தாழ்ந்த ஒலிகளை மட்டும் எழுப்புவதற்கென அமைந்த தனிப் பெட்டியே சப்ஊஃபர். வணிகரும் இசை அன்பரும் ஒருங்கே அப்பெயரால் வழங்குவதால் நாமும் அதனை அவ்வாறே வழங்குவோம்.

இரு செவிகளும் இரு பெட்டிகளும்

ஸ்டீரியோ என்பது திண்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. நீளமும் அகலமும் மட்டுமன்றிக் கனமும் உடையதாகப் பொருளைக் கண் காண்பது போல, செவியும் ஒலிக்கு ஓர் இடத்தை உணர்கிறது. வலப்புறத்தில் எழும் ஒலி வலச்செவியை முதலில் அடைகிறது. தலையைச் சுற்றிக்கொண்டு இடச்செவிக்குச் செல்லச் சற்றுத் தாமதமாகிறது. இத்தாமதம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. எனினும் மூளை அதனைத் தவறாது கணிக்கிறது. தாழ்ந்த ஒலிகளில் இந்தக் கால வேற்றுமையும், உயர்ந்த ஒலிகளில் தலையின் நிழலால் நேரும் வலிமை வேற்றுமையும் திசையை உணர்த்துகின்றன என்று ரேலி பிரபு 1907-ஆம் ஆண்டில் விளக்கினார்.

அவருக்கு முன்பே, 1881-இல் பாரிஸ் நகரில் நடந்த மின்சாரப் பொருட்காட்சியில், கிளெமாங் அடேர் என்பார் இசை நாடக மேடையில் வரிசையாக ஒலிவாங்கிகளை வைத்து, அவற்றின் ஒலியைத் தொலைபேசிக் கம்பி வழியே செவிக்கு ஒன்றாக இரு கேட்குங்குழல்களில் கேட்கச் செய்தார். இன்று நாம் கையாளும் முறைக்கு அடிகோலியவர் ஆலன் புளூம்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். அவர் 1931 டிசம்பரில் விண்ணப்பித்த காப்புரிமை, இரண்டு ஒலிபெருக்கிகளைக் கொண்டு ஒலியின் இடத்தை மீண்டும் தோற்றுவிக்கும் வழியையும், ஒரே இசைத்தட்டின் பள்ளத்தில் இரு தடங்களைப் பதிக்கும் வழியையும் ஒருங்கே கூறிற்று. உலகப் போரின்போது ராடார் சோதனை ஒன்றில் ஈடுபட்டிருக்கையில் 1942-இல் விமான விபத்தில் அவர் உயிர் நீத்தார். இருதட இசைத்தட்டுகள் 1958-இல் வீடுகளை அடைந்தபோது அதனைக் காண அவர் இல்லை.

இரு பெட்டிகளும் ஒரே ஒலியை ஒரே அளவில் ஒரே நேரத்தில் எழுப்பினால், கேட்பவருக்கு அவ்வொலி இரண்டிலிருந்தும் வருவதாகத் தோன்றாது. நடுவே, பொருள் ஏதும் இல்லாத இடத்திலிருந்து பாடகர் பாடுவதாகத் தோன்றும். ஒரு பக்கத்து ஒலி சற்று மிகுந்தாலோ முந்தினாலோ அத்தோற்றம் அப்பக்கம் நகர்ந்து விடும். ஸ்டீரியோ அமைப்பின் விதிகள் யாவும் இந்தத் தோற்றத்தைக் கெடாமற் காப்பதற்காக ஏற்பட்டவையே.

ஆதலின் இரு பெட்டிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணம் ஒன்றின் மூன்று முனைகளில் இருத்தல் வேண்டும். பெட்டிகளுக்கு இடையே 2.2 மீட்டர் என்றால், ஒவ்வொன்றிலிருந்தும் தலைக்கு உள்ள தொலைவும் 2.2 மீட்டர். இடைவெளி மிகக் குறைந்தால் மேடை சுருங்கும். மிகக் கூடினால் நடுவில் பாடகர் நிற்பதற்கு மாறாக ஓர் ஓட்டை விழும். இரு பக்கத் தொலைவுகளும் சமமாக இருப்பதைக் கண்ணால் மதிப்பிடாது நாடாவால் அளத்தல் நலம். ஒலி ஒரு மீட்டர் செல்ல விநாடியில் ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்று பங்கு ஆகிறது. பத்து சென்டிமீட்டர் வேற்றுமையே நடுத்தோற்றத்தை ஒரு பக்கம் இழுக்கப் போதுமானது.

உயர்ந்த ஒலிகளை எழுப்பும் சிறிய கூம்பு செவியின் மட்டத்தில் இருக்க வேண்டும். நாற்காலியில் அமர்பவருக்கு இது தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர். பாயில் அமர்ந்து கச்சேரி கேட்கும் வழக்கம் உடையவர்களுக்கு முக்கால் மீட்டரே ஆகும். கடையில் கிடைக்கும் தாங்கிகள் நாற்காலிக்காரர்களையே எண்ணிச் செய்யப்பட்டவை என்பதை அவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். தொலைக்காட்சி மேசைக்குக் கீழ்த் தட்டிலோ, அலமாரியின் உச்சியிலோ பெட்டியை வைத்துவிட்டுத் தெளிவில்லை என்று குறை கூறுவது பொருந்தாது.

இவ்வளவும் சரியாக அமைந்ததா என்று அறியப் பழைய திரைப்பாடல் ஒன்றே போதும். ஒற்றைத் தடத்தில் பதிவான பாடலாயின் குரலும் வாத்தியமும் நடுவே ஒரு குறுகிய புள்ளியிலிருந்து எழ வேண்டும். அங்ஙனமன்றிக் குரல் எங்கோ பரந்து மிதப்பதாகவும், தாழ்ந்த ஒலிகள் மெலிந்தும் காணப்பட்டால், ஒரு பெட்டியில் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் இடம் மாறிப் பூட்டப்பட்டிருக்கின்றன என்று கொள்ளலாம். அந்நிலையில் ஒரு கூம்பு முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. இத்தவறு நாம் எண்ணுவதைக் காட்டிலும் பரவலானது.

சுவர்களின் வேலை

28 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒலி விநாடிக்குச் சுமார் 348 மீட்டர் செல்கிறது. இதனை விநாடிக்கு எழும் அதிர்வுகளின் எண்ணிக்கையால், அஃதாவது ஹெர்ட்ஸ் எண்ணால், வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 4,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8.7 சென்டிமீட்டர், 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8.7 மீட்டர். முன்னது அறைக்குள் ஒளிக்கதிர் போல் நேராகப் பாய்ந்து சுவரில் பட்டுத் திரும்புகிறது. பின்னதோ அறையை விட நீண்டது. அதற்கு அறை ஒரு வெளியாகவே தோன்றாது, மூடிய ஒரு குழாயாகவே தோன்றும்.

மூடிய குழாயில் காற்று தனக்கென உரிய சில அதிர்வுகளை விரும்பி ஏற்று முழங்கும் என்பதைப் பள்ளியிலேயே கற்றுள்ளோம். நிலையலை எனப்படும் அம்முழக்கமே அறையிலும் நிகழ்கிறது. 4.5 மீட்டர் நீளமும் 3.6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒலியின் வேகத்தை நீளத்தின் இருமடங்காகிய 9-ஆல் வகுக்க 38.7 வருகிறது. அகலத்துக்கு 48.3, உயரத்துக்கு 58. இவையே இக்கூடத்தின் முதல் முழக்க ஒலிகள். ஒவ்வொன்றின் இருமடங்கும் மும்மடங்கும் பின்தொடரும். நீளத்தின் மும்மடங்கும் உயரத்தின் இருமடங்கும் 116-இல் ஒன்றோடொன்று பொருந்துவதையும் காண்க. அங்கே முழக்கம் இரட்டிக்கும். மூன்று அளவுகளும் சமமான சதுர அறை இசைக்கு உதவாது என்று கூறப்படுவதன் காரணமும் இதுவே: அதில் எல்லா முழக்கங்களும் ஒரே இடங்களில் குவிகின்றன.

இம்முழக்கத்தில் காற்றின் அழுத்தம் எல்லா இடத்தும் ஒரே அளவாய் மாறுவதில்லை. சுவரை ஒட்டிய இடத்தில் அது உச்சத்தில் இருக்கும். நீளத்தின் முதல் முழக்கத்திற்கு அறையின் நடுவே அது மிகக் குறைந்திருக்கும். அவ்விடத்தைக் கணு என்பர். எனவே சுவரில் சாய்த்துப் போடப்பட்ட சோபாவில் அமர்பவர் நீளத்தின் முழக்கங்கள் எல்லாவற்றையும் உச்ச அளவில் கேட்கிறார். சரியாக அறையின் நடுவில் அமர்பவர் 38.7 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைவாகவே கேட்கிறார். நம் வீடுகளில் இருக்கைகள் யாவும் சுவரோரமாகத் தள்ளப்பட்டிருப்பது வழக்கம். இசைக்கு அதனினும் தீங்கான இடம் பிறிதில்லை எனலாம். பின்சுவரிலிருந்து அறை நீளத்தின் மூன்றில் ஒரு பங்கையோ அதற்குச் சற்று மிகுதியையோ விட்டு அமர்வது தொடக்கத்திற்கு ஏற்ற இடமாகும்.

தொப்பியின் கும்கி ஒலியை நினைத்துப் பார்ப்போம். கையின் அடிப்பகுதியால் தோலை அழுத்தித் தேய்க்கையில் சுருதி வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. மிருதங்கம், தபலா ஆகியவற்றின் மேல்தொனிகள் ஏனைய தோற்கருவிகளைப் போலன்றிச் சுருதியோடு இயைந்து அமைவதைச் சி. வி. இராமன் 1920-இல் எடுத்துக்காட்டினார். அவற்றின் ஒலி இசையொலியாகவே செவிக்குப் படுவது இதனால்தான். அத்தகைய ஒலி அறையின் முழக்கங்களிடையே வழுக்கிச் செல்லும்போது, ஒரு முழக்கத்தைத் தொட்டவுடன் பெருத்தும், அடுத்ததை எட்டும் வரை மெலிந்தும் கேட்கிறது. கலைஞர் ஒரே சீராக இழுத்த கோட்டை அறை மேடு பள்ளமாக்கி விடுகிறது. கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய குறையின் விளக்கம் இதுவே.

இவ்விடத்தில் நம் நாட்டிற்கே உரிய செய்தியொன்று உண்டு. வட அமெரிக்க வீடுகளின் சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் மெல்லிய ஜிப்சம் பலகைகளை அறைந்து அமைக்கப்படுபவை. தாழ்ந்த ஒலி படும்போது அவை சற்று வளைந்து அதன் ஆற்றலில் ஒரு பகுதியை விழுங்குகின்றன. செங்கல்லும் சிமெண்டும் கான்கிரீட்டுத் தளமும் கொண்ட நம் அறைகள் வளைவதில்லை. வந்த ஒலியைப் பெரும்பாலும் வந்தவாறே திருப்புகின்றன. ஆதலால் முழக்கங்கள் இங்கு உயரமாகவும் நெடியனவாகவும் நிற்கின்றன. அங்கு எழுதப்பட்ட அறிவுரைகளைப் படிக்கும்போது, சப்ஊஃபரின் அளவு குறித்து அவை கூறுவதை நாம் சற்றுக் குறைத்தே கொள்ள வேண்டும்.

சுவர் இன்னொரு தீங்கையும் செய்கிறது. பெட்டியின் பின்புறம் சென்ற ஒலி முன்சுவரில் பட்டுத் திரும்பி, நேரே வரும் ஒலியோடு கலக்கிறது. அது கடந்த அதிகத் தொலைவு அரை அலைநீளமாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். பெட்டிக்கும் சுவருக்கும் 0.9 மீட்டர் எனில் இவ்வழிவு 97 ஹெர்ட்ஸை ஒட்டி நிகழும். தொலைவை 20 சென்டிமீட்டராகக் குறைத்தால் அது 435-க்கு ஏறி விடும். அவ்வொலியில் பெரும்பகுதியைப் பெட்டி முன்னோக்கியே அனுப்புவதால் தீங்கு குறைவு. முன்சுவர், பக்கச்சுவர், தரை ஆகிய மூன்றிலிருந்தும் பெட்டியின் தொலைவு ஒன்றுபோல் இருப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

சப்ஊஃபர் வேண்டுமா?

பியானோவின் கடைசிச் சுரம் 27.5 ஹெர்ட்ஸ். மேனாட்டு டபிள் பாஸ், பாஸ் கிட்டார் ஆகியவற்றின் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸ். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆடவருக்கு மீட்டப்படும் தம்பூராவின் மந்தர ஷட்ஜம் ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ். அதிலும் நம் செவியை நிரப்புவது அதன் மேல்தொனிகளே. மேல்தொனிகள் ஒழுங்காக வந்தால், அடிச்சுரம் மெலிந்திருந்தாலும் செவி அதனைத் தானே நிரப்பிக்கொள்ளும். எனவே கர்நாடக, இந்துஸ்தானி இசையை மட்டும் கேட்பவருக்கு, ஓரளவு பெரிய கூம்புடைய இரு பெட்டிகளே போதுமானவை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. பாஸ் கிட்டாரும் மின்னணுத் தாளமும் நிறைந்த திரையிசை, மேனாட்டுப் பல்லியம், ஆர்கன் ஆகியவற்றை விரும்புவோருக்கும், சிறிய பெட்டிகளை உடையோருக்கும் சப்ஊஃபர் உண்மையில் பயன்படும்.

அதன் மெய்யான சிறப்பு உரத்த ஒலி அன்று. இடத்தைத் தெரிந்தெடுக்கும் உரிமையே ஆகும். ஸ்டீரியோத் தோற்றத்திற்கு ஏற்ற இடத்தில்தான் இரு பெட்டிகளையும் வைக்க முடியும். அவ்விடம் தாழ்ந்த ஒலிக்கும் ஏற்றதாக அமைவது அரிது. தாழ்ந்த ஒலியைத் தனிப் பெட்டிக்கு மாற்றிவிட்டால், அதனை எங்கு வேண்டினும் நிறுத்தலாம். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஓர் அலை முழுமை பெறுவதற்குள்ளாகவே சுவர்களிலிருந்து திரும்பிய ஒலிகள் அதனோடு கலந்து விடுகின்றன. எனவே அது எத்திசையிலிருந்து வருகிறது என்பதைச் செவி உணர்வதில்லை.

இடத்தைக் காணும் வழி

மூலையில் வைத்தால் ஒலி மிகும் என்பது உண்மையே. அருகில் உள்ள ஒவ்வொரு பரப்பும் உச்ச அளவில் 6 டெசிபல் கூட்டித் தருகிறது. ஆனால் மூலை அறையின் எல்லா முழக்கங்களையும் ஒருங்கே எழுப்புகிறது. அளவு வேண்டுமாயின் மூலை. சீர்மை வேண்டுமாயின் தேடுதல் வேண்டும்.

தேடுவதற்கு இயற்பியல் ஓர் எளிய வழியைத் தருகிறது. ஒலி எழும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் ஒன்றுக்கொன்று மாற்றினாலும் இடையே நிகழும் விளைவு மாறாது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் கூறி ரேலி பிரபு விரிவுபடுத்திய உண்மை இது. எனவே சப்ஊஃபரைத் தூக்கிக் கேட்பவரின் இருக்கையிலேயே வைத்து, ஏறி இறங்கும் பாஸ் கிட்டார் ஒலி உள்ள பாடலொன்றைத் திரும்பத் திரும்ப இசைக்கச் செய்ய வேண்டும். பிறகு தலையைச் சப்ஊஃபர் நிற்கக்கூடிய உயரத்தில் தாழ்த்தி, சுவரோரமாகத் தவழ்ந்து செல்ல வேண்டும். ஓரிடத்தில் சில சுரங்கள் முழங்கும். பிறிதோரிடத்தில் அவையே மறையும். எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் கேட்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, சப்ஊஃபரை அங்கே வைத்துத் தாம் இருக்கையில் அமரலாம். வீட்டார் நகைப்பர் என்பதைத் தவிர இம்முறையில் குறையொன்றும் இல்லை.

முற்றிலும் சீரான இடம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாகாது. நமது கூடத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்டீரியோவுக்காக நாம் அகலத்தின் நடுக்கோட்டில் அமர்ந்தே தீர வேண்டும். அகலத்தின் முதல் முழக்கமாகிய 48.3 ஹெர்ட்ஸுக்கு அந்நடுக்கோடே கணு. இரு நன்மைகளும் ஒருசேரக் கிட்டா. அவ்வொலி அறவே கேளாது என்பதில்லை. மற்ற ஒலிகளை நோக்கக் குறைந்து கேட்கும். பெரிய சப்ஊஃபர் ஒன்றனுக்கு மாறாகச் சிறியவை இரண்டை எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்தால், அவ்விரு சுவர்களுக்கிடையே எழும் முதல் முழக்கத்தை அவை எழுப்பவே மாட்டா. அறையில் ஒருவர்க்கு மேற்பட்டோர் அமர்ந்து கேட்பதாயின் இரண்டு வைப்பதன் பயன் மிகவும் தெளிவாகும்.

வாயில்களைத் திறந்தால் இக்கணக்குகள் சற்று மாறும். சாப்பாட்டு அறையோடு இணைந்த கூடங்களில் நீளத்தை எங்கு முடிப்பது என்பதே கேள்வியாகி விடும். அங்கெல்லாம் கணக்கைக் காட்டிலும் தவழ்வதே மேல்.

திருகுகள்

சப்ஊஃபரின் பின்புறம் வழக்கமாக மூன்று திருகுகள் இருக்கும். ஒன்று, எந்த அதிர்வெண்ணுக்கு மேல் அது ஓய வேண்டும் என்பதை அமைப்பது. இதனை 80-இல் தொடங்கலாம். முதன்மைப் பெட்டிகள் மிகச் சிறியனவாயின் 100 வரை உயர்த்தலாம். அதற்கு மேல் போனால் ஆடவர் குரலின் அடிப்பகுதி சப்ஊஃபர் இருக்கும் மூலையிலிருந்து எழத் தொடங்கும். பெருக்கியில் வசதி இருப்பின், அதே எண்ணுக்குக் கீழுள்ள ஒலிகள் முதன்மைப் பெட்டிகளுக்குச் செல்லாதவாறு தடுத்தல் வேண்டும். அவற்றின் சிறு கூம்புகள் வீண் உழைப்பினின்றும் விடுபட்டு நடுத்தர ஒலிகளைத் தெளிவாக எழுப்பும்.

இரண்டாவது, கட்டம். 0, 180 என இரு நிலைகள் குறிக்கப்பட்டிருக்கும். 80 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை எழுப்பும் செயலிகள் கைபேசிகளில் கிடைக்கின்றன. அவ்வொலியை எல்லாப் பெட்டிகளிலும் ஒலிக்கச் செய்து, ஒருவர் அத்திருகை மாற்ற மற்றொருவர் இருக்கையில் அமர்ந்து கேட்க வேண்டும். எந்நிலையில் ஒலி உரத்துக் கேட்கிறதோ அந்நிலையில் சப்ஊஃபரும் பெட்டிகளும் ஒன்றாகத் தள்ளுகின்றன என்பது பொருள்.

மூன்றாவதாகிய அளவுத் திருகே பெரும்பாலான வீடுகளில் கெடுக்கப்படுவது. சப்ஊஃபர் இயங்குவதை வருவோர் உடனே உணர வேண்டும் என்னும் எண்ணத்தால் அதனை மிகைப்படுத்தி விடுகின்றனர். அணைத்தால் ஏதோ குறைந்ததெனத் தோன்ற வேண்டும். இயங்கும்போது அது இருப்பதே தெரியலாகாது. அதுவே சரியான அளவு.

கம்பளமும் மெத்தையும்

வாலஸ் சேபின் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1895 முதல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் விரிவுரைக் கூடம் ஒன்றில் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டு வந்து அடுக்கியும் அகற்றியும், ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அறையின் கனஅளவையும் ஒலியை விழுங்கும் பரப்பையும் அறிந்தால் அந்நேரத்தைக் கணிக்கலாம் என்பது அவர் கண்டது. நமது கூடத்தின் கனஅளவு 48.6 கனமீட்டர். பொருள்கள் ஏதுமின்றி வெறும் சுவரும் தளமுமாக இருக்கையில் அதன் மொத்தப் பரப்பாகிய 81 சதுர மீட்டரில் நூற்றுக்கு மூன்று பங்கே ஒலியை விழுங்குகிறது எனக் கொண்டால், கைதட்டினால் ஒலி அடங்க 3 விநாடிக்கு மேலாகும். இருக்கைகள், திரைச்சீலைகள், இலவம்பஞ்சு மெத்தை, நூல்கள் நிறைந்த அலமாரி, தரையில் கனத்த கம்பளம் ஆகியவை சேர்ந்து 12 சதுர மீட்டருக்கு நிகரான விழுங்கும் பரப்பை அளித்தால், அதே நேரம் 0.65 விநாடியாகக் குறையும். பாட்டின் சொற்கள் அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பிரிந்து கேட்கும்.

பக்கச்சுவரில் எவ்விடத்தில் திரையோ அலமாரியோ வேண்டும் என்பதை ஒரு கண்ணாடி காட்டிவிடும். ஒருவர் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டு செல்ல, இருக்கையில் உள்ளவருக்கு ஒலிபெருக்கி அதில் தென்படும் இடமே ஒலி முதலில் தெறிக்கும் இடம்.

ஆயின் இவையனைத்தும் நடுத்தர, உயர்ந்த ஒலிகளுக்கே பொருந்தும். பஞ்சும் நுரையும் தம் கனம் கால் அலைநீளத்தை நெருங்கினாற்றான் நன்கு விழுங்கும். 50 ஹெர்ட்ஸுக்கு அது 1.7 மீட்டர். முட்டை அடுக்கும் அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டுவது தாழ்ந்த ஒலிக்கு எவ்வகையிலும் உதவாது, பூச்சிகளுக்கே உதவும். மின்னணுச் சமன்செய் கருவிகளும் ஓர் எல்லைக்கு உட்பட்டவையே. மிகுந்து நிற்கும் முழக்கத்தை அவை தணிக்கும். கணுவில் மறைந்த ஒலியை மீட்க அவற்றால் இயலாது. அங்கே எவ்வளவு ஆற்றலைச் செலுத்தினாலும் அறை அதனை அழித்துக்கொண்டே இருக்கும். 10 டெசிபல் உயர்த்துவதற்குப் பெருக்கி பத்து மடங்கு திறனைத் தர வேண்டும் என்பதையும், அவ்வுழைப்பில் கூம்பின் கம்பிச்சுருள் தீய்ந்து போகக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு இருக்கையை 30 சென்டிமீட்டர் நகர்த்துவது எளிது.

அண்டை வீட்டார்

தாழ்ந்த ஒலிகளுக்குச் செவியின் கூர்மை குறைவு. 1,000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் எவ்வளவு உரப்பாகக் கேட்குமோ அவ்வளவு உரப்பாக 50 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க 75 டெசிபலுக்கு மேல் வேண்டும். இசையை மெல்ல வைத்தால் தாழ்ந்த ஒலிகள் முதலில் மறைவது இதனால்தான். இக்குறையை ஈடு செய்ய இரவில் சப்ஊஃபரை உயர்த்துவோர் பலர். கான்கிரீட்டுத் தளத்தின் மறுபுறத்தில் உறங்குபவருக்கு மேல் ஒலிகள் யாவும் வடிகட்டப்பட்டு அந்த 50 ஹெர்ட்ஸ் மட்டுமே போய்ச் சேர்கிறது. பெட்டியின் அடியில் ரப்பர்த் துண்டுகளை வைப்பது தரையோடு நேரே செல்லும் அதிர்வைக் குறைக்கும். காற்றின் வழியே தளத்தை அசைக்கும் அழுத்தத்தை அது தடுக்காது.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் எனச் சூழலின் எல்லையை வகுத்துள்ளன. தனியார் இடத்தில் இயங்கும் ஒலியமைப்பு, அவ்விடத்தின் எல்லையில் இவ்வளவுகளை 5 டெசிபலுக்கு மேல் மிஞ்சலாகாது. இந்த அளவீடு செவியின் இயல்பைப் பின்பற்றி 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல் கழித்தே கணக்கிடுகிறது. எனவே அளவுகருவி விதி மீறப்படவில்லை என்று காட்டும் வேளையிலும் கீழ்வீட்டு மரக்கதவு நடுங்கிக்கொண்டிருக்கலாம். கேட்பவரின் செவிக்கும் ஓர் எல்லை உண்டு. வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கு 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோருக்குக் கூறும் அளவு. 90 டெசிபலாயின் 4 மணி நேரமே.

இரவு நேரத்தில் கேட்க விரும்புவோர் சப்ஊஃபரை அணைத்துவிட்டு, இரு பெட்டிகளையும் நாற்காலியையும் நெருக்கி, முக்கோணத்தின் பக்கத்தை 2.2 மீட்டரிலிருந்து 1.1 மீட்டராகச் சுருக்கிக்கொள்ளலாம். தொலைவு பாதியாகும்போது நேரே வரும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் மிகும்; அந்த அளவுக்குத் திருகைத் தணிக்கலாம். செவிக்குப் பழைய உரப்பே கிட்டும்; சுவரையும் தளத்தையும் சென்று சேரும் ஒலியின் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகி விடும்.